குதிரை இறங்கும் வரை

அத்தியாயம் 11

மழையே பெய்யாத ஊரில், மழையில் நனைந்துவிட்டேன் என்று பொய் சொன்னான் ஆண்டியப்பன்.

சொர்ணவல்லி கொடியில் கிடந்த அவன் வேட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பாசி வாடை அடித்தது.

“இது எந்த ஊர் மழைங்க பெரிய மச்சான்? பாசியோட பெய்யுது?”

“கறம்பக்குடிப் பக்கம் லேசாத் தூறுச்சு. அப்புறம் ஊரணிக் கரையில கால் வழுக்கிருச்சு.”

“கால் வழுக்குனா தலை நனையுமா?”

“அங்கிட்டுப் போத்தா. புரவி எடுப்பு அன்னிக்கு ஒனக்கு வேலை இல்லையா?”

அவன் முகம் கொடுக்காமல் தொழுவத்துப் பக்கம் நடந்தான். அவள் விடவில்லை.

“நேத்துப் பூ வாங்கத்தானே போனீங்க? எங்க பூ?”

“குதிரைக்கு வாங்கியாச்சு. ஈரத்துணியில சுத்தி வச்சிருக்கேன்.”

“எனக்கு?”

ஆண்டியப்பன் நின்றான். திரும்பாமலே நின்றான். “மறந்துட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

புருஷன் பட்டாளத்துக்குப் போன நாளிலிருந்து சொர்ணவல்லிக்குப் பூ வாங்கி வருகிறவன் ஆண்டியப்பன்தான். தம்பி பஸ் ஏறும்போது கேட்டுக்கொண்ட ஒரே காரியம் அது. “ஊர் பாக்கட்டும்ணே. புருஷன் இருக்கான்னு ஊர் பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனான் சேவுகன். இதுவரை ஒரு வெள்ளிக்கிழமைகூட அண்ணன் மறந்ததில்லை.

சொர்ணவல்லி வேட்டியைத் திரும்பக் கொடியில் போட்டாள். அவள் விரல் நுனியில் பாசி ஒட்டியிருந்தது.

நேற்று மத்தியானம் கறம்பக்குடியில் நடந்தது அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

புதுக்கோட்டையிலிருந்து வந்த, கரியில் ஓடும் பஸ் புகை கக்கி நின்றது. காக்கிச் சட்டையும் கக்கத்தில் கட்டையுமாக ஒற்றைக் காலோடு ஒருவன் இறங்கினான். பூக்கடையில் நின்ற ஆண்டியப்பனிடம் வந்து, இலுப்பைவிடுதிக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டான். யார் வீட்டுக்கு என்று இவன் கேட்டான். அந்தப் பதிலோடு ஆண்டியப்பனின் உலகம் இரண்டாகப் பிளந்தது.

வந்தவன் பெயர் ஆத்மநாதன். கட்டுமாவடிக்காரன். பர்மா எல்லை மலைக்காட்டில் சேவுகனோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்தவன்.

“என் கையாலதாங்க மண்ணுத் தள்ளுனேன்” என்றான். “அடுத்த வாரம் என் கால் போச்சு.”

“சர்க்கார்ல இருந்து எங்களுக்கு ஒரு தந்திகூட வரலையே?”

“பேர் எழுதுற கிளார்க்கும் அதே மண்ணுலதாங்க கெடக்கான். தந்தி வரும். மெதுவா வரும்.”

இரத்தச் சொந்தம் செத்த சேதி காதில் விழுந்தால் உடுத்திய துணியோடு தலை முழுக வேண்டும். ஆள் எங்கே செத்தான், எத்தனை மாதம் ஆயிற்று என்ற கணக்கெல்லாம் கிடையாது. தூர தேசத்துச் சாவுக்குத் தீட்டு, சேதி கேட்ட நிமிஷத்தில்தான் தொடங்கும். கேட்காத காதுக்குத் தீட்டு இல்லை.

ஆண்டியப்பன் யோசிக்கவே இல்லை. கால் தானாக அவனை ஊரணிக்கு இழுத்துப் போயிற்று. முழுகி எழுந்த பிறகுதான், ஈர வேட்டியோடு ஊருக்குள் போனால் அது என்ன சொல்லும் என்று அவனுக்கு உறைத்தது.

அய்யனாருக்கு மண் குதிரை சுமந்து போகும் புரவி எடுப்புக்காக ஊரில் காப்புக் கட்டியாயிற்று. வேளார் பட்டறையில் மண் குதிரைகள் வரிசையாகக் காத்து நிற்கின்றன. அதில் ஒன்று, சேவுகன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று அவன் ஆத்தா மூக்காயி நேர்ந்துகொண்ட குதிரை. சாவு விழுந்த வீட்டுக் குதிரை பட்டறையை விட்டு வெளியே வரக் கூடாது. அப்படி நின்றுபோன குதிரையை அடுத்த எடுப்புக்கு எடுத்து வைப்பதும் இல்லை. உலக்கையால் உடைத்துக் குழியில் கொட்டிவிடுவார்கள்.

அதனால்தான் ஆண்டியப்பன் அந்த ஒற்றைக்காலனின் கையைப் பிடித்துக் கெஞ்சினான்.

“நாளைக்குக் குதிரை இறங்கட்டும். மறுநாள் வாங்க. நானே கூட்டிட்டுப் போயி எங்க ஆத்தா முன்னால நிறுத்துறேன்.”

ஆத்மநாதன் அரைமனதாகத் தலையாட்டினான். பிறகு, “இன்னொண்ணு இருக்குங்க” என்றான். “சாகுறதுக்கு முன்னாடி அவன் ஆத்தா காதுல மட்டும் போடச் சொன்னது. அதை ஒங்ககிட்டக்கூடச் சொல்ல மாட்டேன்.”

அந்த ‘இன்னொண்ணு’ ராத்திரி முழுக்க ஆண்டியப்பனின் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது.

“அடியே சொர்ணம்! சந்தனம் அரைக்கச் சொன்னா கல்லையே தேச்சு முடிச்சிருவ போலிருக்கே! இங்கிட்டுக் கொண்டா!”

மூக்காயியின் குரல் கேட்டால் தெருக்கோடி நாய்கூட எழுந்து உட்காரும். மாவிளக்குத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். இன்றைக்கு அவள் புதுச் சேலை கட்டியிருந்தாள். மகன் போன பிறகு அவள் கட்டும் முதல் புதுச் சேலை.

“கயிறு பத்தாதுன்னு அந்த வேளார்கிட்ட அப்பவே சொன்னேன்” என்றாள். “பட்டாளத்துல சப்பாத்தி தின்னு எம் மகன் இன்னும் ஒரு சாண் வளந்திருப்பான். பழைய அளவுக்கே செஞ்சு வச்சிருக்காரு மனுசன்.”

மகன் புறப்பட்ட அன்று அவனை நிலைப்படியில் நிற்க வைத்து, உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை தேங்காய் நார்க் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டு வைத்தவள் அவள். அந்தக் கயிற்றின் உயரம்தான் குதிரையின் உயரம்.

“வந்ததும் பக்கத்துல நிறுத்திப் பாப்போம். குட்டையா இருந்துச்சு, வேளாருக்கு இருக்கு பூசை.”

சொர்ணவல்லி சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். கிழவி அதை வாங்கிக்கொண்டு மருமகளின் தலையைப் பார்த்தாள்.

“எங்கடி பூ?”

“மச்சான் மறந்துட்டாகளாம் அத்தை.”

“அவனா? அவன் சோறு திங்க மறந்தாலும் இதை மறக்க மாட்டானே!” என்றாள் மூக்காயி. பிறகு குதிரைக்கு வைத்திருந்த பூவிலிருந்து ஒரு முழம் கிள்ளி மருமகளின் கொண்டையில் சொருகினாள்.

“அவன் குதிரை, அவன் பெண்டாட்டி. பங்கு போட்டுக்கட்டும்.”

வேளார் பட்டறையில் கூட்டம் நெருக்கியது. நையாண்டி மேளம் வெயிலைக் கிழித்துக்கொண்டிருந்தது. குதிரைகளின் முகத்தை வெள்ளைத் துணி மூடியிருந்தது. வேளார் ஒவ்வொன்றாகத் துணியை விலக்கி, மையைத் தொட்டுக் கண் திறந்துகொண்டே வந்தார்.

கண் திறக்கும்போது நேர்ந்துகொண்ட வீட்டு ஆண்பிள்ளை எதிரில் நிற்க வேண்டும். கண் திறந்த குதிரையின் முதல் பார்வை அவன்மேல் விழ வேண்டும்.

சேவுகன் குதிரையின் முறை வந்தது. வேளார் துணியில் கை வைத்தார். ஆண்டியப்பன் துண்டைச் சரிசெய்கிற மாதிரி ஓர் அடி பின்னால் போனான். இன்னும் ஓர் அடி போனான்.

துணி விலகியது. குதிரையின் புதுக் கண்கள் நேராகச் சொர்ணவல்லியைப் பார்த்தன.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆண்டியப்பன் ஒரு தூணின் மறைவில் நின்றிருந்தான். குதிரையின் கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்து நின்றிருந்தான்.

பாசி வாடை. பூ. இப்போது இது.

அவள் நெஞ்சுக்குள் மூன்றும் ஒன்றோடொன்று வந்து சேர்ந்தன. சேர்ந்து என்ன ஆயிற்று என்று அவள் பார்க்க மறுத்தாள்.

“தோள் குடுங்கப்பா! நேர்த்திக்காரங்க முதத் தோள் குடுங்க!”

சாமியாடி மலையாண்டி அரிவாளைத் தரையில் ஊன்றிக் கத்தினார். குதிரைகளை மூங்கில் சட்டத்தில் கட்டியாயிற்று. முதல் தூக்கு அந்தந்த வீட்டுத் தோள்தான் தூக்க வேண்டும். பிறகு மாமன் மச்சான் யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

எல்லா வீட்டுத் தோளும் வந்துவிட்டது. சேவுகன் குதிரைச் சட்டத்தின் முன்கொம்பு மட்டும் ஆளில்லாமல் கிடந்தது.

“ஆண்டியப்பா!”

அவன் அசையவில்லை.

“என்னடா, நீ குதிரையைத் தூக்குறியா, குதிரை ஒன்னைத் தூக்கணுமா?”

கூட்டம் சிரித்தது. ஆண்டியப்பனின் நெற்றியில் வேர்வை வழிந்தது. தொட்டால் சாமி குற்றம். தொடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

“அவங்களுக்கு முடியாதுங்க சாமி!”

எல்லோரும் திரும்பினார்கள். சொர்ணவல்லி முன்னால் வந்தாள்.

“வலது தோள்ல கட்டி. ராத்திரி பூரா மொனகிக்கிட்டுக் கெடந்தாக. நான்தான் மஞ்சள் அரைச்சுப் பத்துப் போட்டு விட்டேன்.”

ஆண்டியப்பன் அவளைப் பார்த்தான். அவன் தோளில் கட்டியும் இல்லை, மஞ்சளும் இல்லை. அவள் கண் சிமிட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையில் அவனுக்குப் புரிந்துபோயிற்று. இவளுக்குத் தெரியும்.

“நேத்துக் காலையில தோரணம் கட்டும்போது இல்லாத கட்டியா?” மலையாண்டி கண்ணைச் சுருக்கினார். “எங்க, துண்டை எடு. பாப்போம்.”

“ஏன், கட்டிக்கும் சேத்துக் கண் தெறக்கப் போறியளா?”

மூக்காயி மாவிளக்குத் தட்டை மருமகளிடம் தள்ளிவிட்டுச் சேலையை இழுத்துச் சொருகினாள். யாரும் தடுப்பதற்குள் முன்கொம்புக்கு அடியில் போய் நின்றுவிட்டாள்.

“பெத்தவ தோள் வீட்டுத் தோள் இல்லையா? தூக்குங்கடா!”

“ஆத்தா, பொம்பளை தோள்ல…” என்று ஒருவன் இழுத்தான்.

“இந்தப் பொம்பளை தோள்ல உக்காந்துதான்டா அவன் எல்லாப் புரவி எடுப்பும் பாத்தான். அவன் கனத்தை விடவா ஒங்க மண்ணு கனம்? தூக்குங்கடா, நல்ல நேரம் போவுது!”

மலையாண்டி தடுக்கவில்லை. மேளம் ஓங்கியது. குதிரை தரையை விட்டு எழுந்தது. மூக்காயி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். பட்டறை வாசலைத் தாண்டியதும் சொர்ணவல்லியின் அண்ணன் ஓடி வந்து கொம்பை வாங்கிக்கொண்டான். கிழவி தோளைத் தேய்த்துக்கொண்டு சிரித்தாள். “கனக்கத்தான்டா செய்யிறான் எம் மகன்!”

மலையாண்டி எல்லோருக்கும் திருநீறு கொடுத்துக்கொண்டே வந்தார். ஆண்டியப்பன் கையை நீட்டி வாங்கினான். நெற்றிக்குக் கொண்டுபோகிற மாதிரிக் கொண்டுபோய், விரலிடுக்கில் நழுவ விட்டான்.

மலையாண்டி தரையில் கிடந்த வெள்ளைப் பொடியை மட்டும் பார்த்தார். பிறகு ஆண்டியப்பனின் வலது தோளைப் பார்த்தார்.

அய்யனார் கோயிலுக்கு வறண்ட கண்மாய்க்குள் இறங்கித்தான் போக வேண்டும். வெடித்துக் கிடந்த தரையில் குதிரைகள் ஆடி ஆடிப் போயின. புழுதியில் முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை. பொழுது மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது.

சொர்ணவல்லி வேண்டுமென்றே பின்தங்கினாள். ஆண்டியப்பனும் பின்தங்கினான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள்.

“சொர்ணம்…” என்றான் அவன்.

“சொல்லாதீங்க.”

“நான் என்ன சொல்ல வாரேன்னா…”

“ஒண்ணும் சொல்லாதீங்கன்னேன்!” அவள் குரல் உடைந்தது. அதை விழுங்கிக்கொண்டு மெதுவாகப் பேசினாள். “நான் எதையும் கேக்கலை. என் காதுல எதுவும் விழலை. நீங்க ஊரணியில வழுக்கி விழுந்தீங்க. ஒங்களுக்குத் தோள்ல கட்டி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

ஆண்டியப்பன் துண்டை வாயில் அழுத்திக்கொண்டான்.

“இந்தக் குதிரை கோயில்ல இறங்கணும் பெரிய மச்சான். எங்கிட்டோ ஒரு காட்டுல, வாய்க்கரிசி போடக்கூட…” அவள் நிறுத்திக்கொண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அவரு அளவுக்குச் செஞ்ச குதிரை. அதை நடுவழியில போட்டு ஒடைக்க விட மாட்டேன். அய்யனாருக்கு முன்னால போயி அவரு ஒசரத்துக்கு நிக்கட்டும். அதுவரைக்கும் நான் யாரு? சேவுகன் பெண்டாட்டி. தலையில பூ இருக்கு. பாருங்க.”

அவன் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

“இறங்குனதும் வாயத் தெறங்க. அப்ப கேட்டுக்கிறேன்.”

சொல்லிவிட்டு அவள் வேகமாக முன்னால் போய் மாமியாரின் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். மூக்காயி அவள் காதில் ஏதோ சொல்லிச் சிரிப்பதும், சொர்ணவல்லி திரும்பச் சிரிப்பதும் புழுதிக்குள் தெரிந்தது.

கண்மாய் வறண்டாலும் அய்யனார் குளம் வற்றியதில்லை. படிக்கட்டுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது தண்ணீர். நடுக்குளத்தில் யானை முழுகும் என்பார்கள்.

கோயில் திடலில் முதல் குதிரை இறங்கியது. இரண்டாவது இறங்கியது. இங்கே ஒரு வழக்கம் உண்டு. கடைசிக் குதிரை இறங்கும்வரை மேளம் ஓயக் கூடாது. அதன் கால் தரையைத் தொட்டதும் எல்லா மேளமும் ஒரே அடியாக நின்றுவிடும். அந்த அமைதியில்தான் மலையாண்டி வாக்குச் சொல்வார்.

கடைசியாக வந்துகொண்டிருந்தது சேவுகன் குதிரை.

குளத்தின் அக்கரை வரப்பில் ஒரு கட்டை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து காக்கி நிறத்தில் ஒன்று இறங்கியது. கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு விந்தி விந்தி வந்தது.

ஆண்டியப்பனின் முகம் வெளிறியது. ‘நாளைக்குத்தானே வரச் சொன்னேன், பாவி!’

சொர்ணவல்லி முதலில் அவன் முகத்தைத்தான் பார்த்தாள். அப்புறம் அவன் பார்த்த திசையைப் பார்த்தாள். காக்கிச் சட்டை. ஒற்றைக் கால். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்த மனிதனின் வாயில்தான் அது இருக்கிறது.

குதிரை திடலின் விளிம்புக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அவள் தவில்காரரிடம் ஓடினாள். “இன்னும் ஓங்கி அடிங்கண்ணே!”

“என்னத்தா?”

“ஓங்கி அடிங்க! இது என் வீட்டுக்காரர் குதிரை! பக்கத்துல இருக்கிறவன் பேசுனாக்கூடக் கேக்கக் கூடாது! அடிங்க!”

தவில்காரர் சிரித்துக்கொண்டே குச்சியை ஓங்கினார். நாதஸ்வரம் வீறிட்டது. தப்புகள் அதிர்ந்தன. கொம்பு ஊதுகிறவன் கழுத்து நரம்பு புடைக்க ஊதினான். திடலே அதிர்ந்து, எந்தக் குரலுக்கும் இடமில்லாமல் போயிற்று.

ஆத்மநாதன் கூட்டத்துக்குள் புகுந்தான். யாரையோ கேட்டான். அந்த ஆள் மூக்காயியைக் கைகாட்டினான். சொர்ணவல்லிக்கும் அவனுக்கும் நடுவே குதிரை வந்தது. குதிரையின் கால்களுக்கு இடையே அவள் பார்த்தாள்.

அவன் மூக்காயி முன்னால் போய் நின்றான். நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னான். கிழவி காதைக் காட்டினாள். அவன் குனிந்து அவள் காதோடு வாயை வைத்தான். உதடு அசைந்தது. வெகுநேரம் அசைந்தது.

மூக்காயி அழவில்லை. மாரில் அடித்துக்கொள்ளவில்லை. அவனுடைய கன்னத்தை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள். பிறகு குளத்தை நோக்கி நடந்தாள்.

‘அத்தை’ என்று கத்த வாயெடுத்தாள் சொர்ணவல்லி. கத்தினால் ஊர் திரும்பும். ஊர் திரும்பினால் குதிரை நிற்கும். அவள் தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றக் கை, ஓங்கி அடிங்க, ஓங்கி அடிங்க என்று காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது.

புதுச் சேலையோடு படியிறங்கினாள் மூக்காயி. முழங்கால், இடுப்பு, மார்பு. ஒரு கணம் நரைத்த கொண்டை தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

குதிரையின் கால் தரையைத் தொட்டது.

மேளம் நின்றது.

பொட்டென்று விழுந்த அமைதியில், குளத்தை நோக்கி ஓடிய ஆண்டியப்பனின் குரல் மட்டும் கேட்டது. வழியில் நின்ற ஆத்மநாதனின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

“என்னய்யா சொன்னே எங்க ஆத்தாகிட்ட? என்ன சொன்னே?”

ஆத்மநாதனின் கக்கத்துக் கட்டை நழுவி விழுந்தது. மேளத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை, அமைதியிலும் அதே உரத்தில் கத்தியது.

“உங்க தம்பி செத்ததை நான் சொல்லலீங்க! அதை நான் இன்னும் சொல்லவே இல்லீங்க! அந்த இன்னொண்ணை மட்டும்தான் சொன்னேன்!”

திடல் முழுக்கக் கேட்டது. மலையாண்டிக்குக் கேட்டது. சொர்ணவல்லிக்குக் கேட்டது.

அவள் கை கழுத்துக்குப் போய்த் தாலியைப் பற்றிக்கொண்டு நின்றது. பின்னால், அவள் புருஷனின் உயரத்துக்கு, கண் திறந்த குதிரை நின்றது.

குளத்தில் வட்டம் வட்டமாக விரிந்த அலை படிக்கட்டைத் தொட்டுத் திரும்பியது. மூக்காயியின் தலை இன்னும் மேலே வரவில்லை.